குப்பன் என்கிற குப்புசாமி: பெயரின் பொருளும் பதிவேட்டின் எழுத்தும்

சில மாதங்களுக்கு முன்பு வருவாய்த் துறை விசாரணை ஒன்றில் எங்கள் தரப்பை நோக்கி ஒரே ஒரு கேள்வி எழுப்பப்பட்டது: "யார் இந்தக் குப்பன்?" பழைய 'அ' பதிவேட்டில் "சின்னான் மகன் குப்பன்" என்று ஒரு வரி இருந்தது. நிலம் பஞ்சமி நிலம். உரிமை கோரி மனு கொடுத்தவர் அந்தக் குப்பனின் பேரன். ஆனால் பேரனின் கையிலிருந்த ஆவணங்களில், அவருடைய தந்தையின் ஆலைப் பணிப் பதிவு தொடங்கி வாரிசுச் சான்றிதழ் வரை, தாத்தாவின் பெயர் குப்புசாமி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிலத்தின் வகையைப் பற்றி ஒரு சொல்லும் வாதிடவில்லை. குப்பன் வேறு, குப்புசாமி வேறு என்றார், அமர்ந்துவிட்டார். (விசாரணை முடியவில்லை என்பதால் ஊரைச் சொல்லவில்லை, பெயர்களையும் மாற்றியிருக்கிறோம். மாற்றிய பெயர்களும் அதே வகையைச் சேர்ந்தவையே.)

ஒரு 'சாமி' இருக்கிறதா இல்லையா என்பதில் மூன்று ஏக்கர் நிலம் தொங்குகிறது. அந்தச் 'சாமி' எங்கே விடுபட்டது, எங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்பதை அறிய, நம் பாட்டன் பாட்டிகளின் பெயர்கள் எப்படிப் பிறந்தன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், பிறகு பிறக்கும் பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பது தமிழகமெங்கும் இருந்த வழக்கம். வேண்டாம் என்று எறிந்ததை எமன்கூடத் தேடி வரமாட்டான் என்பது நம்பிக்கை. அப்படி எடுத்த பிள்ளை குப்பன், குப்பாயி, குப்பம்மாள், குப்புசாமி. அக்கம்பக்கத்தில் மடியேந்திப் பிச்சையாக வாங்கிய பிள்ளை பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள். தவிடு கொடுத்து விலைக்கு வாங்கியதாகப் பாவனை செய்த பிள்ளை தவிட்டுப் பிள்ளை. மூக்குக் குத்தி அடையாளமிட்ட பிள்ளை மூக்கன், மூக்காயி. மண்ணாங்கட்டி என்ற பெயரும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. கேட்பதற்கு இழிவாகத் தோன்றும் இந்தப் பெயர்களுக்குள் இருப்பது, இரண்டு மூன்று பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நான்காவதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தவித்த ஒரு தாயின் அச்சம். மருத்துவம் எட்டிப்பார்க்காத சேரிகளில் இத்தகைய பெயர்கள் மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

எல்லாப் பெயர்களையும் இப்படி அன்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. பெண் பிள்ளை அடுத்தடுத்துப் பிறந்தபோது வைத்த 'போதும்பொண்ணு', 'வேண்டா' போன்ற பெயர்களை எந்த ஆண்டையும் வைக்கவில்லை. நம் வீடுகளே வைத்தன. அதை மறைத்துவிட்டு மேற்கொண்டு பேசுவது நேர்மையாகாது.

குப்பைமேட்டுச் சடங்கு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டும் உரியதும் அன்று. சமஸ்கிருதப் பேரறிஞராகப் போற்றப்பட்ட எஸ். குப்புசாமி சாஸ்திரியின் பெயரில் மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனமே இயங்கிவருகிறது. பார்வர்டு பிளாக் தலைவராக இருந்தவர் பி. கே. மூக்கையாத் தேவர். பெயரின் வேர் ஒன்றுதான். ஆனால் அவர்களில் யாரையும் ஊர் "டேய் குப்பா", "டேய் மூக்கா" என்று அழைத்திருக்க வழியில்லை. அப்படியானால் இழிவு பெயரின் பொருளில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

நம் மேடைகளில் இதற்கு உடனடியாகச் சொல்லப்படும் விடை மனு. மனுதருமத்தின் இரண்டாம் அத்தியாயம், 31, 32 ஆகிய சுலோகங்கள், பார்ப்பனருக்கு மங்கலமும் சத்திரியருக்கு வலிமையும் வைசியருக்குச் செல்வமும் தோன்றும்படி பெயரிட வேண்டும் என்றும், சூத்திரருக்கு இகழ்ச்சி தோன்றும்படி பெயரிட வேண்டும் என்றும் விதிக்கின்றன. பெயரின் பிற்பகுதியில் சூத்திரனுக்கு ஏவல் தொனிக்க வேண்டும் என்பதும் அங்கே உண்டு. வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்ட நம்மை அந்தச் சுலோகங்கள் பொருட்படுத்தவே இல்லை. இந்த விதியை எரிக்கத்தான் வேண்டும். ஆனால் சேரியில் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் குப்பன் என்று பெயரிட்டது மனுவைக் கேட்டு அன்று. 'இழிவான பெயர்கள் அனைத்தும் மனுவின் ஆணையால் நமக்குச் சூட்டப்பட்டவை' என்று சுருக்கிவிடும்போது, நம் முன்னோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பெயரிடக்கூடத் தெரியாதவர்கள் என்றாகிவிடுகிறது. எங்கள் வாசிப்பில், மனு விரும்பியது வேறு இரண்டு வழிகளில் நிறைவேறியது: ஒன்று வாய், மற்றொன்று எழுதுகோல்.

வாயைப் பற்றி முதலில். நம் வீடுகளில் மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லமாட்டாள். மனைவி கணவனின் பெயரைச் சொல்லமாட்டாள். நாங்கள் நடத்தும் விசாரணையில் முக்கியச் சாட்சி குப்பனின் மருமகள். எழுபது வயதைக் கடந்தவர். "உங்கள் மாமனார் பெயர் என்ன?" என்று அதிகாரி கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் முறை கேட்டபோது, "மாமனார் பேர நான் எப்படிங்க சொல்றது? ஊரே சொல்லிச்சே, நீங்களே சொல்லுங்க" என்றார். அறையில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது நகைச்சுவை அன்று. வீட்டுக்குள் சொல்லத் தகாத அளவுக்கு மதிப்புடையதாக இருந்த பெயரை, தெருவில் ஆண்டையின் ஐந்து வயதுப் பேரன் "டேய்" சேர்த்துக் கூவினான். குப்பன் அவனை "சின்னய்யா" என்று அழைக்க வேண்டியிருந்தது. சாதி அந்தப் பெயருக்குள் இல்லை. யார் யாரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்ற ஒப்பந்தமற்ற ஒப்பந்தத்தில் இருந்தது.

சில இடங்களில் வீட்டில் வைத்த பெயரே காணாமற்போனது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலில் (2000) கவுண்டர் பண்ணைகளில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகள் கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி என்று அழைக்கப்படுகிறார்கள். குட்டை, நெட்டை, வயிறு, ஊனம் என உடலே பெயராகிறது. பண்ணைக்காரர் வீட்டுப் பையனின் பெயரோ செல்வன். வலிமையும் செல்வமும் இகழ்ச்சியும் எப்படிப் பங்கிடப்படும் என்பதை அறிய அந்தப் பிள்ளைகளுக்குச் சுலோகம் தேவைப்படவில்லை.

இங்கே களத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. 3(1)(ஆர்) பிரிவு, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் பொதுப் பார்வையில் அவமதிப்பதையோ மிரட்டுவதையோ குற்றமாக்குகிறது. இரண்டும் 2016 ஜனவரி 26 முதல் இந்த வடிவில் நடைமுறையில் உள்ளன. புகார் எழுதும்போது சாதிப் பெயர் சொல்லப்பட்டதா என்று மட்டுமே காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். நாமும் அதற்கு மட்டுமே விடை எழுதுகிறோம். அறுபது வயது மனிதரைப் பதின்வயதுப் பையன் ஒருமையில் பெயர் சொல்லி, பலர் முன்னிலையில் அழைத்து அவமதித்திருந்தால், அந்த விளியை அப்படியே, 'டா'வையும் விடாமல், புகாரில் எழுதுங்கள். அங்கே இருந்தவர்கள் யார், அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்பதையும் எழுதுங்கள். சாதிப் பெயர் உச்சரிக்கப்படாதபோது 3(1)(எஸ்) பொருந்தாது. ஆனால் 3(1)(ஆர்) பிரிவின்கீழ் வாதிட, விளியின் வடிவமே நமக்குக் கிடைக்கும் பொருள்.

இனி எழுதுகோல். கிராமத்தில் பெயரை எழுதியவர் பரம்பரைக் கர்ணம். தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவி 1980-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிவேடுகளைப் புரட்டும் எவரும் ஒரு வேறுபாட்டைக் காணலாம். ஊர்த்தெருவின் பெயர்கள் சாமி, அப்பர், பிள்ளை, கவுண்டர் என்று வாலுடன் நீள்கின்றன. சேரியின் பெயர்கள் 'அன்' விகுதியில் வெட்டுண்டு நிற்கின்றன. முனுசாமி முனியன் ஆகிறார். கருப்பசாமி கருப்பன் ஆகிறார். மாடசாமி மாடன் ஆகிறார். ஊர் எப்படி அழைத்ததோ அப்படியே அரசும் எழுதிக்கொண்டது. அழைத்தவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள்.

பஞ்சமி நிலங்களின் வரலாறு இதற்கு நடுவில் வருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர் மக்களின் நிலையைப் பற்றி டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்து ஆண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. நிலம் நம் கைக்கு வந்தபோது வாலறுந்த பெயரில் வந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. குப்பனின் நிலம் யார் பெயருக்குப் போனது என்பதுதான் இன்றைய வழக்கு. குப்பனின் மகன் அப்போது ஊரில் இல்லை. சென்னையில் ஆலைத் தொழிலாளி. ஆலையில் சேர்ந்த நாளில் தன் பெயரைச் சின்னசாமி என்றும் தந்தை பெயரைக் குப்புசாமி என்றும் அவர் கொடுத்தார். ஊரில் மறுக்கப்பட்ட சாமியை நகரத்தின் வாயிற்கதவில் அவரே எடுத்துக்கொண்டார். அதற்காக அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த நாளில் பதிவேட்டுக்கும் குடும்பத்துக்கும் இடையிலிருந்த நூல் அறுந்தது.

சுடலை, மாடன், காத்தவராயன், மதுரைவீரன், முனியன், பேச்சி, இசக்கி ஆகிய பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும் இளையோர் பலர் இவற்றைச் சொல்லக் கூசுவதைப் பார்க்கிறோம். வருகைப் பதிவேட்டில் தந்தையின் பெயர் வாசிக்கப்படும்போது எழும் சிரிப்பை நாங்களும் அனுபவித்தவர்களே. ஆனால் இவற்றில் சில யாருடைய பெயர்கள் என்று பாருங்கள். கதைப்பாடல்களின் காத்தவராயன், பார்ப்பனப் பெண் ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன். மதுரைவீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன்; மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். பிற்காலத்தில் அவன் காசி மன்னனின் மகன் என்று ஒரு பிறப்புக் கதை ஒட்டப்பட்டது. கொலையை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அவனுடைய சாதியை ஏற்றுக்கொள்ள முடியவில்லை போலும். கொல்லப்பட்டவர்களைத் தெய்வமாக்கி, அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த மக்கள், எழுதப்படாத வழக்கு விவரங்களைப் பெயர்களாகப் பாதுகாத்தார்கள். இன்று ஆணவக் கொலை என்று நாம் பெயரிட்டுப் போராடும் குற்றத்தின் பழைய பட்டியல் அது.

பண்டிதர் அயோத்திதாசரின் இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியர் மீதிருந்த மதிப்பினால் அவர் ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். நம் வரலாற்றில் பெயர் மாற்றம் வெட்கத்தினால் மட்டுமே நிகழ்ந்தது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அது கல்வியின் மரபில் தன்னை இணைத்துக்கொண்ட செயல். அவருடைய காலத்தவரான இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்திசையில் சென்றார். 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக வீசப்பட்ட சொல்லை முகப்பில் பொறித்தார். இரண்டில் எது சரி என்ற கேள்வி இன்றும் நம் கூட்டங்களில் எழுகிறது. இருவரும் தம் பெயரைத் தாமே தீர்மானித்தார்கள் என்பதே எங்களுக்குப் போதுமானது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. அதன் பயனை நாம் இன்றும் துய்க்கிறோம். வட இந்தியாவில் முழுப் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும். இங்கே முதலெழுத்தும் இயற்பெயரும் மட்டுமே. ஆனால் பட்டம் போன பிறகு சாதியைத் தேடுபவர்களின் கண் இயற்பெயரின்மீது விழுந்தது. 'கண்ணனா, கருப்பனா' என்பதில் துப்பு தேடினார்கள். அதிலும் கிடைக்காதபோது "எந்த ஊர், எந்தத் தெரு" என்று கேட்டார்கள். தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலையடிகள் ஆனது வேறொரு தேவையிலிருந்து. அந்த மரபைச் சேரிக்குள் கொண்டுவந்தவர் தொல். திருமாவளவன்; விடுதலைச் சிறுத்தைகள் கட்சி பெருந்திரளான மக்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டும் நிகழ்வுகளை நடத்தியபோது, தம் தந்தை இராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். பிள்ளை தகப்பனுக்குப் பெயர் வைத்த நிகழ்வு அது.

கிறித்துவப் பெயர்களில் சிக்கல் வேறு. பவுல் சின்னப்பர் ஆனதும், பேதுரு ராயப்பர் ஆனதும், யோவான் அருளப்பர் ஆனதும் அழகான தமிழாக்கங்கள். ஆனால் 1950-ஆம் ஆண்டு அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது; சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். ஆகவே ஆரோக்கியம், அந்தோணி என்ற பெயருடன் சாதிச் சான்றிதழ் கேட்கும் மாணவரின் வீட்டுச் சுவரில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு ஆரோக்கியமேரி என்று பெயரிடும் இந்துக் குடும்பங்கள் இங்கே ஏராளம். பெயர் ஒன்றே மதத்துக்குச் சான்றாகாது என்பதை விண்ணப்பத்துடனேயே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்த இருவரின் பெயர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒன்று விவிலியத்திலிருந்து வந்தது. மற்றொன்று திருப்பதி மலையிலிருந்து. கேட்ட நிலம் ஒன்றுதான்.

பெயரை மாற்றிக்கொள்ள விரும்பும் இளையோரிடம் 'மாற்றாதீர்கள்' என்று நாங்கள் சொல்வதில்லை. பெயர் ஒருவரின் அடையாளத்தின் பகுதி என்றும், அதன்மீதான கட்டுப்பாடு அரசமைப்பின் 19(1)(அ), 21 ஆகிய உறுப்புகளோடு தொடர்புடையது என்றும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது. அரசிதழில் வெளியிட்டு மாற்றுங்கள். ஆனால் பழைய பெயரைச் சொல்லும் தாள்களைக் கிழித்தெறியாதீர்கள். தந்தை, பாட்டன் பெயர்களை ஆவணத்தில் எழுதும்போது அழைத்த பெயர், எழுதிய பெயர் இரண்டையும் 'என்கிற' என்ற சொல்லால் இணைத்து எழுதுங்கள். 'குப்பன் என்கிற குப்புசாமி' என்று வாரிசுச் சான்றிதழிலோ இறப்புப் பதிவிலோ ஓரிடத்தில் இருந்திருந்தால் எங்கள் வழக்கு இவ்வளவு நீண்டிருக்காது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை என்றாகிவிட்டது. பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு, தமிழ்நாட்டு விதிகளின்படி 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். பேறுகால வார்டில் யாரோ அவசரமாக எழுதும் எழுத்தைத் திருத்துவதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். வாங்கும் அன்றே வாசித்துப் பாருங்கள்.

விசாரணைக்குத் திரும்புவோம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன். குப்பனின் தந்தை சின்னான். குப்பனின் மகன் சின்னசாமி. பாட்டன் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது என்பதைப் பதிவேட்டையும் ஆலைப் பதிவையும் அருகருகே வைத்துக் காட்டினோம். மனுதாரருக்கும் தாத்தாவின் பெயரைத்தான் வைத்தார்களாம். தாயால் அதைச் சொல்லி அழைக்க முடியாது என்பதால் வீட்டில் 'குமார்' ஆனது; பள்ளியிலும் அதுவே ஏறிவிட்டது.

மதிய இடைவேளையில் தாழ்வாரத்தில் உட்கார இடம் தேடினோம். அந்த மூதாட்டி தரையைக் காட்டி, "அந்தக் கூளத்த ஒதுக்கிட்டு உக்காருங்க" என்றார். அவருடைய ஊரில் எவரும் அன்றாடம் கூளம் என்று சொல்வதில்லை. மகன் சிரித்துக்கொண்டே, "அம்மா குப்பைன்னு சொல்லவே மாட்டாங்க சார், அது தாத்தா பேருல்ல" என்றார்.

உறவு குறித்த கருத்தை, அதை அறியும் வாய்ப்புள்ள குடும்பத்தினரின் நடத்தையைக் கொண்டும் நிறுவலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொன்னது. இப்போது அது பாரதிய சாட்சிய அதினியத்தின் 44-ஆம் பிரிவு. பிற்பகலில் அந்தப் பிரிவைச் சுட்டி, இந்தச் சாட்சி தன் திருமண நாள் தொட்டு 'குப்பை' என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை என்பதை வாக்குமூலத்தில் பதிவு செய்யக் கேட்டோம். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. அதிகாரி சற்று யோசித்து, மூலையிலிருந்த குப்பைத் தொட்டியைக் காட்டி, "அது என்ன அம்மா?" என்றார்.

"கூளத் தொட்டிங்க."

எழுத்தர் அதை அப்படியே எழுதினார். அடுத்த விசாரணை அடுத்த மாதம்.